பெல் அடிச்சதும் போலாம்

தலையத் தூக்கு பிள்ளே. தூக்கிட்டு எழுது. மூணாவது பெஞ்சு ஜன்னலோரம், சௌபர்ணிகா, பேனா கையில இருக்குது, தலை பெஞ்சு மேல கிடக்குது. நானும் போர்டுக்கிட்ட நின்னு அப்ப இருந்தே பாக்கறேன், அசையவே மாட்டேங்கறா. தூங்கறாளா என்ன. ஸ்பெஷல் செக்‌ஷன்ல டெஸ்ட் எழுதறப்பக்கூடத் தூங்குவாங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல ஒரு கேலி உண்டு, பூங்கோதை மிஸ், நீங்க பேப்பர் கட்டோட தலகாணியும் எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிச் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். ஆனா இவ தூங்கற பிள்ளை இல்ல. நான் கேள்வியப் போர்டுல எழுத ஆரம்பிச்சப்பவே எந்திரிச்சு நின்னா. மிஸ், வெளிய போகோணுங். நான் ஓம்ஸ் லாவுல பாதியில இருந்தேன், திரும்பிக்கூடப் பாக்கல. உக்காரு, பெல் அடிச்சதும் போலாம்னேன். சரிங் மிஸ்னு உக்காந்துட்டா. நடந்தது அவ்வளவுதான். இதுல என்ன இருக்குது, தெனமும் நாலு பேரு கேக்கறது, நாலு பேருக்கும் இதே பதிலைச் சொல்றது. இன்னொருக்கா கேட்டிருந்தா ஒரு அதட்டு அதட்டியிருப்பேன், அது அதோட முடிஞ்சிருக்கும், நானும் மறந்திருப்பேன். அவ ஒருக்காத்தான் கேட்டா. அந்த சரிங் மிஸ்தான் எங்காதுக்குள்ள உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குது. என்ன மரியாதை வேண்டிக்கிடக்குது இந்தப் பிள்ளைகளுக்கு. ஒண்ணு ரெண்டாச்சும் எதிர்த்துப் பேசுச்சுன்னாத் தேவலை. இன்னைக்கு நாலாவது பீரியடையும் அஞ்சாவதையும் சேத்து ஒரே டெஸ்டாப் போட்டுட்டாங்க, நடுவுல வெளிய விடற பெல் கிடையாது, நேரா சாப்பாட்டு பெல்தான். அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் பெல் அடிச்சதும் போலாம்னு சொன்னேன்.

சரி, அனுப்பறேன்னே வெச்சுக்கலாம். எங்க அனுப்பறது. பீரியட் நேரத்துல பொண்ணுங்க பாத்ரூமுக்குப் பூட்டு. சாவி ஆபீஸ் ரூம்ல, கரஸ்பாண்டன்ட் சார் நாற்காலிக்குப் பின்னால ஆணியில தொங்குது. போன வருஷம் யாரோ ஒரு கழுதை பாத்ரூம் செவுத்துல அவரைப் பத்தி ரெண்டு வரி எழுதி வெச்சிருச்சு, பிழையே இல்லாம எழுதியிருந்துச்சுன்னு தமிழ் மிஸ் மல்லிகேஸ்வரி சொன்னாங்க, அன்னைல இருந்து பூட்டு. இன்டர்வெல்லுக்கு ஆயா தொறந்து விடும், பெல் அடிச்சாப் பூட்டிரும். நடுவுல யாருக்காச்சும் அவசரம்னா கிளாஸ்ல இருக்கற மிஸ் நேர்ல போயிச் சாவி வாங்கோணும். எந்த செக்‌ஷன்னு கேப்பார். மார்க்கப் பாத்துப் பிரிச்சு வெச்சதுதானே, டைமண்டுன்னா ஒண்ணுஞ் சொல்லமாட்டார், சில்வர்னா ஒரு பார்வை, ஸ்பெஷல்னாப் போச்சு. படிக்கறதுக்கு அவசரத்தக் காணோம், இதுக்கு மட்டும் என்ன அவசரம்பார். அட்மிஷனுக்கு வந்தவங்க எதுர்ல உக்காந்திருந்தாலும் சொல்லுவார். மல்லிகேஸ்வரி மிஸ் ஒரு நாள் பாவம் பாத்து மூணு பிள்ளைகள ஒண்ணா அனுப்பிட்டாங்க, அதக் கேமராவுல பாத்துட்டார். சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ் வாசல்ல நிக்க வெச்சார், பேரன் எடுத்த பொம்பளைய. வேனுக்குப் போற பிள்ளைகெல்லாம் அந்த வழியாத்தான் போகோணும். மிஸ், நீங்க என்ன தப்புப் பண்ணுனீங்கன்னு யூகேஜிக் குழந்தை ஒண்ணு கேட்டுச்சாம். அந்தம்மா அடுத்த மாசமே வேலைய விட்டுட்டாங்க. நான் விட முடியுமா. என்ற பொண்ணு தன்யா இங்கதான் எட்டாவது படிக்கறா, டைமண்டுல இருக்கறா, நான் இங்க இருக்கற வரைக்கும்தான் அவளுக்கு இங்க இடம். மேல பாக்கறேன். மூலையில ஒட்டடைக்கு நடுவுல கேமரா உக்காந்திருக்குது, சின்னதா ஒரு சிவப்பு வெளிச்சம். நான் நிக்கறனா நடக்கறனான்னுகூட அதுக்குத் தெரியும். எதுக்கும் இருக்கட்டும்னு பெஞ்சுக்கு நடுவுல ரெண்டு எட்டு நடக்கறேன்.

இன்டர்வெல்லுல போறதுக்கு என்ன கேடு இவளுக்கு. போயிருப்பா, வரிசையில நின்னிருப்பா. அதுதான் தெரியுமே, நான் என்ன குருடியா. மத்த செக்‌ஷன் எல்லாம் மெயின் பில்டிங்ல இருக்குது, இறங்குனாப் பாத்ரூம். ஸ்பெஷல் மட்டும் மைதானத்துக்கு அந்தக் கோடியில இந்தத் தகரக் கொட்டாயி. முன்ன வேன் நிறுத்தற எடமா இருந்துச்சு, இன்னும் மழை பேஞ்சா டீசல் வாசம் வரும். இங்கிருந்து பொண்ணுங்க வேகு வேகுன்னு நடந்து போயிச் சேர்றதுக்குள்ள அங்க வரிசை வாசலைத் தாண்டி நிக்கும். டைமண்ட் பிள்ளைக முன்னால, இவளுக பின்னால. இடிச்சுட்டு முன்னால போனா, ஏய் ஸ்பெஷல், வரிசையில வான்னு ஏழாவது படிக்கற வாண்டுகூடச் சொல்லும். இவளுக பத்தாவது. ஒண்ணும் சொல்லாமப் பின்னால வந்து நின்னுக்குவாளுக. ஆயா கையில கம்பியோட, ஆச்சா ஆச்சான்னு கதவத் தட்டும். பெல் அடிச்சுரும். திரும்பி வந்துருவாளுக. வர்றப்ப ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்க மாட்டாளுக. நான் அந்நேரம் வராண்டாவுல நின்னு டீ குடிச்சுட்டு இருப்பேன். அரை டம்ளர் டீ. முழு டம்ளர் குடிச்சா எனக்கும் கஷ்டம், ஸ்டாஃப் பாத்ரூம் ஆபீஸுக்குப் பின்னால, அவர் ரூமைத் தாண்டிப் போகோணும், போறப்ப ஒருக்கா நிமிந்து பாப்பார், வர்றப்ப ஒருக்கா நிமிந்து பாப்பார். எதுக்கு வம்புன்னு நான் காலையில வீட்ல போனாச் சாயங்காலம் வீட்லதான். இத ஒரு கெட்டிக்காரத்தனம்னு நெனச்சுட்டிருக்கறேன் இத்தனை வருஷமா. டாக்டரம்மா, ஏனுங் டீச்சர், தண்ணி குடிக்கறதே இல்லியான்னு கேட்டப்பவும் சிரிச்சுட்டுத்தான் வந்தேன். இப்ப அடிவயித்துல ஒரு சுருக்கு. எனக்கா, அவளப் பாத்துட்டே இருக்கறதுனால வருதா.

அசைஞ்சுட்டா. நல்லவேளை. தலையத் தூக்கி ஒரு வரி எழுதுனா, திரும்பப் படுத்துட்டா. முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு ஆடுது, பெஞ்சுக்கடியில தெரியுது. தகரம் கொதிக்குது, எனக்கு முதுகுல வேர்வை ஓடுது, அவளுக்கு ஏன் கை மயிர் குத்திட்டு நிக்குது. குளுருதா. புரட்டாசி வெயில்ல யாருக்குக் குளுரும். சும்மா இரு பூங்கோதை, நீயா ஒண்ணக் கட்டிட்டு மிரளாத, பிள்ளைகளுக்கு நடிக்கறதுக்குச் சொல்லியா குடுக்கோணும். டெஸ்டுன்னா வயித்து வலி, டெஸ்டுன்னாத் தலைவலி, எத்தனை பாத்திருக்கறோம். ஆனா நடிக்கறவ பத்துப் பேருக்குத் தெரியற மாதிரி நடிப்பா. இவ எனக்குத் தெரியக் கூடாதுன்னு கைய மடிச்சு மூஞ்சிய மறைச்சுட்டுல்ல படுத்திருக்கறா.

ஐயோ, என்ன சத்தம். தண்ணி பெல். இந்த பெல் ஒண்ணு, நல்லா வந்து வாச்சுது. பிள்ளைக தண்ணி குடிக்கறதுக்குன்னே தனியா ஒரு பெல் அடிக்கோணும்னு மேல இருந்து சொல்லிட்டாங்க, நம்ம சார் ஒரு படி மேல போயி டெஸ்டா இருந்தாலும் அடிக்கோணும்னுட்டார். பெல் அடிச்சதும் எல்லாரும் பாட்டிலத் தூக்கோணும், ஒரே நேரத்துல, வலது கையில. மொதல் நாளு போட்டோக்காரர் வந்தார். எந்த கிளாஸ் ஒழுங்காக் குடிக்குதுன்னு கேமராவுல பாத்து மாசாமாசம் ஒரு சர்ட்டிபிகேட். போன மாசம் ஸ்பெஷல் செக்‌ஷனுக்கே குடுத்தாங்க, வாழ்க்கையில மொதல் தடவையா இந்தத் தகரக் கொட்டாயிக்கு ஒரு பரிசு, நான்தான் கை தட்டச் சொன்னேன், பாருங்க, உங்களாலயும் முடியுமில்லன்னு ஒரு சின்னப் பிரசங்கமும் பண்ணுனேன். இப்பவும் பாரு, எல்லாரும் பேனாவ வெச்சுட்டுத் தூக்கிட்டாங்க. தலைய அண்ணாந்து, கழுத்து ஏறி எறங்குது. சௌபர்ணிகாவும் எந்திரிச்சு உக்காந்து தூக்கிட்டா. பரவால்ல, தண்ணி குடிக்கறா, அப்படின்னா ஒண்ணுமில்ல. பச்சைப் பாட்டில், உள்ள தண்ணி தெரியுது. தண்ணி ஏன் எறங்க மாட்டேங்குது. ஆடுது, சாயுது, அளவு அப்படியே நிக்குது. நான் கண்ணக் கசக்கிட்டுப் பாக்கறேன். மூடி. மூடி திருகியே இருக்குது. முன் பெஞ்சு ஷர்மியப் பாக்கறேன், அவ பாட்டிலும் மூடியிருக்குது. அவளுக்குப் பக்கத்துல. அதுக்குப் பின்னால. அத்தனை பொண்ணுங்களும் மூடின பாட்டில வாயில வெச்சுட்டு, கழுத்த மட்டும் ஏத்தி எறக்கிட்டு, மடக் மடக்குனு. பசங்க சில பேரு குடிக்கறானுக, அவனுகளுக்குக் காம்பவுண்டு செவுரு இருக்குது. இவளுக ஒருத்தியாச்சும் ஒரு சொட்டு. ஒருத்தியும் இல்ல.

"ஷர்மி, ஏண்டி குடிக்கல?" கேட்டுட்டேன், கேமராவுக்குச் சத்தம் கேக்காது. ஷர்மி பாட்டிலக் கீழ வெக்காமலே என்னப் பாத்தா, எனக்குத்தான் ஒண்ணும் தெரியலைங்கற மாதிரி. "குடிச்சா வருமுங் மிஸ்." ரொம்பச் சாதாரணமாச் சொன்னா. "காலையில இருந்தேவா குடிக்கல?" "காப்பி மட்டும் குடிச்சனுங். அதும் வெள்ளிக்கிழமை குடிக்க மாட்டனுங், வெள்ளிக்கிழமை பி.டி. பீரியட்ல குதிக்கோணுமுங்." எப்ப குடிக்கறது எப்ப விடறதுன்னு டைம்டேபிளே போட்டு வெச்சிருக்கறாளுக. ரெண்டாவது பெல் அடிச்சுது, எல்லாரும் பாட்டிலக் கீழ வெச்சாங்க, நாலஞ்சு பேரு வாயக்கூடத் தொடச்சுக்கிட்டாங்க. வாயத் தொடைக்கறது எதுக்குடி, யாருக்குடி, எனக்கா. இதுக்கா நான் கை தட்டச் சொன்னேன். எனக்குக் கேவலமா இருக்குது. கோவம் வருது, யாரு மேல கோவப்படறதுன்னு தெரியாம ஷர்மி பாட்டில எடுத்து அவ முன்னால டொக்குனு வெச்சுட்டு, எழுதுங்க எழுதுங்கன்னு கத்தறேன். எல்லாரும் குனிஞ்சுட்டாங்க.

சௌபர்ணிகா மறுபடியும் படுத்துட்டா. இவ இப்படி இருந்தவ இல்ல. ஒம்பதாவதுல கோல்டுல இருந்தா, நான்தான் சயின்ஸ் எடுத்தேன், கேள்விய முடிக்கறதுக்குள்ள கை மேல நிக்கும், மிஸ் மிஸ் மிஸ்னு உயிர எடுப்பா, சித்த வாய மூடிட்டு இருக்கறயா, மத்தவங்களும் சொல்லட்டும்பேன். சிரிப்பா. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. அப்பறம் காய்ச்சல்னு லீவு போட்டா. வந்தா, மறுபடியும் காய்ச்சல். அவங்கம்மா விசைத்தறியில வேலை பாக்கற பொம்பளை, மீட்டிங்குக்குத் தலையில பஞ்சோட வந்துச்சு. யூரின் இன்ஃபெக்‌ஷன்ங்கறாங்க மிஸ், தண்ணி நல்லாக் குடிக்கச் சொல்லியிருக்கறாங்க, நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்கன்னுச்சு. பாத்துக்கறனுங், எங்க ஸ்கூல்ல அதுக்குன்னே பெல் அடிக்கறமுங்னு பெருமையாச் சொன்னேன், அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுது. லீவுல மார்க் போச்சு. மார்க் போனா எடம் மாறும், அது எங்க ஸ்கூல் வழக்கம், டெஸ்ட் முடிஞ்ச திங்கக்கிழமை அசெம்பிளியில பேரு வாசிப்பாங்க, யாரு எந்த செக்‌ஷனுக்கு ஏறுறாங்க, யாரு எறங்கறாங்க. பேரு வாசிச்சதும் பைய முதுகுல மாட்டிட்டு, பழைய வரிசையில இருந்து வெளிய வந்து, மைதானத்துல எல்லாரும் பாக்க நடந்து புது வரிசையில போயி நிக்கோணும். ஏறுனவங்களுக்குக் கைதட்டு. எறங்கறவங்களுக்கு ஒண்ணுமில்ல, கம்முனு இருப்பாங்க, அந்தக் கம்முனு இருக்கறதுதான் கொல்லும். இவ கோல்டுல இருந்து நேரா ஸ்பெஷலுக்கு. மொத்த மைதானமும் நடக்க வேண்டியதாப் போச்சு. பாதி வழியில பை ஜிப்பு வாயப் பொளந்து டப்பா கீழ விழுந்து மூடி உருண்டு ஓடுச்சு, அதத் தொரத்திட்டு ஓடுனா, அப்பத்தான் எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைல இருந்து இவ கை மேல வரல. போன வாரம் ஒரு கேள்வி, இவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும், சொல்லு சௌபர்ணிகான்னேன். எந்திரிச்சா. நாங்க ஸ்பெஷல்தானுங் மிஸ், எங்களுக்கு அதெல்லாம் வராதுங்னா. யாரு சொன்னாங்க உனக்கு அப்படின்னு கேட்டேன். யாரு சொல்லல. மைக்குலயே சொன்னமே.

என்ற பிள்ளைக்கு இதெல்லாம் இல்ல. தன்யா டைமண்டு. பாத்ரூமுக்குப் பக்கத்துலயே கிளாஸ், வரிசையில மொதல் ஆளு. இல்லியா பின்ன. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நான் பூட்டுல சாவி போட்டுட்டு இருக்கறப்பவே குதிப்பா, ம்மா சீக்கிரம் சீக்கிரம், கதவு தொறந்ததும் ஷூவக்கூடக் கழட்டாம ஓடுவா. பின்னால வண்டிய நிறுத்திட்டே எங்க வீட்டுக்காரர், வந்துருச்சுடா எக்ஸ்பிரஸ்ம்பார். தெனமும் சிரிப்போம். ஒரு நாள் தாப்பாள் போடறதுக்குள்ளயே... அன்னைக்கும் சிரிச்சோம், அவதான் சிரிக்கல. பாட்டில நான்தான் கழுவறேன். தண்ணி அப்படியே இருக்கும், காலையில நான் புடிச்சு விட்ட தண்ணி, தொடாத தண்ணி, அதச் சிங்க்குல கொட்டிட்டுக் கழுவிக் கவுத்து வெப்பேன். இவளுக்குத் தாகமே எடுக்கறதில்லீங்கன்னு அவர்கிட்டச் சொல்லியிருக்கறேன். ஏசியில உக்காந்து படிக்கற பிள்ளை, தாகம் எப்படி எடுக்கும்னு அவருஞ் சொன்னார். எனக்குத் தெரியாதா. பெத்தவளுக்குத் தெரியாதா. அந்த பாத்ரூம்ல கால் வெக்க முடியாதுன்னு ஒருக்காச் சொன்னா, மூக்கப் புடிச்சுட்டுப் போயிட்டு வான்னேன். வயித்த வலிக்குதுன்னு செவ்வாக்கிழமை சொன்னா. டெஸ்ட் இருக்குதுல்ல, அதான் வலிக்குதுன்னு இந்த வாயாலதான் சொன்னேன். ஐயோ கடவுளே, நானே சொன்னேன். சரிங்மான்னுட்டுப் போயிட்டா. அவளும் ஒருக்காத்தான் சொன்னா.

போதும். கேமராவாவது மண்ணாவது, பிள்ளைக்கு என்னன்னு பாக்கறதுகூடத் தப்பா. மூணாவது பெஞ்சுக்குப் போறேன். கிட்டப் போகப் போக ஒரு மாதிரி மருந்து வாசம், புளிச்ச வாசம், அது அவகிட்ட இருந்தா கொட்டாயில இருந்தான்னு தெரியல. தோள்ல கை வெச்சேன். சட்டைக்கு மேலயே சுட்டுச்சு. நெத்தியத் தொட்டா, அடுப்புல இருந்து எடுத்த தோசைக்கல்லாட்டக் கொதிக்குது. உடம்பு நடுங்குது, பல்லு தந்தியடிக்குது, அந்தச் சந்துப் பல்லு. பேப்பர்ல பேரு எழுதியிருக்கறா, செக்‌ஷன் எழுதியிருக்கறா, மொதல் கேள்விக்கு விடை முழுசா எழுதியிருக்கறா, சரியான விடை. அதுக்குக் கீழ எழுத்து சரிஞ்சு சரிஞ்சு கோட்டை விட்டு எறங்கிப் போயிருக்குது.

"சௌபா. கண்ணு. எந்திரி சாமி, போயிட்டு வந்தரலாம்."

கண்ணத் தொறந்தா. சிவந்து கெடக்குது. என்னப் பாத்ததும் பதறிட்டு நிமிந்து உக்காந்து பேனாவப் புடிச்சுட்டா. "தூங்கலீங் மிஸ். எழுதறனுங்."

"எழுதறது இருக்கட்டும். ஒண்ணுக்குப் போகோணும்னியே, வா."

"இப்ப வரலீங் மிஸ்."

"அப்பக் கேட்டயே?"

"அது அப்பங் மிஸ். கொஞ்ச நேரம் இறுக்கிப் புடிச்சா நின்னுக்குமுங். அப்பறம் ஒண்ணுமே தெரியாதுங்." எனக்குத் தைரியம் சொல்ற மாதிரிச் சொன்னா. அப்பறம் ரெண்டு கையையும் பேப்பர் மேல வெச்சு மூடிட்டா. "பேப்பரப் புடுங்கிக்காதீங் மிஸ். இதுல மார்க் வந்தா சில்வருக்குப் போயிருவனுங். அம்மாகிட்டச் சொல்லிட்டனுங்."

அவ கையப் புடிச்சு எழுப்பினேன், பெஞ்சப் புடிச்சுட்டு எந்திரிக்க மாட்டேன்னா, நான் விடல. கிளாஸ்ல ஒருத்தரும் நிமிந்து பாக்கல, நாப்பது தலையும் குனிஞ்சே இருக்குது, எழுதற சத்தம் மட்டும். வெளிய வந்தா வெயில் கண்ணுல குத்துது. இந்த மைதானம் இவ்வளவு பெருசுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. அவ குனிஞ்சுட்டு, ஒரு கைய வயித்துல வெச்சுட்டு, சின்னச் சின்ன எட்டா வெச்சு வர்றா. நாலு எட்டு வெச்சா நிக்கறா. "மிஸ், சாவி வாங்கோணுமுங்." வேண்டாம், ஸ்டாஃப் பாத்ரூமுக்குப் போலாம்னேன். "அங்க நாங்க போகக்கூடாதுங்." நான் கூட்டிட்டுப் போறேன் வா. மெயின் பில்டிங் ஜன்னல்ல எல்லாம் தலை தெரியுது, எட்டாவது டைமண்டும் அங்கதான். பாக்கட்டும். ஆபீஸ் ரூம் வாசலத் தாண்டறப்ப உள்ள அந்த டிவி தெரிஞ்சுது, கட்டம் கட்டமா எங்க கிளாஸெல்லாம் ஓடுது, நாற்காலியில சார் இருந்தாரா இல்லியான்னு நான் பாக்கல. பாக்கக் கூடாதுன்னு வேகமா நடந்தேன், அவளால நடக்க முடியல, கிட்டத்தட்டத் தூக்கிட்டுத்தான் போனேன். எலும்பாட்ட இருக்கறா. உள்ள விட்டேன். தாப்பாள் போட்டுக்கிட்டா.

ஒரு சத்தமும் இல்ல. நான் கதவுல காது வெச்சு நிக்கறேன், ஒரு டீச்சர், பாத்ரூம் கதவுல காதை வெச்சுட்டு. ஆச்சா சாமின்னு கேட்டேன், ஆயா கேக்கற அதே வார்த்தை, வாயில வந்தப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது. வரமாட்டேங்குதுங் மிஸ். பைப்பத் தொறந்து விடு, தண்ணிச் சத்தம் கேட்டா வரும். பைப்பு ஓடுது. ஓடிட்டே இருக்குது. நடுவுல ஸ்ஸ்ஸுனு ஒரு சத்தம், பல்லக் கடிச்சுட்டு மூச்ச இழுக்கற சத்தம், அப்பறம் அம்மான்னு மெதுவா. நான் கதவப் புடிச்சுட்டேன். வரட்டும், வந்துட்டாச் சரியாயிரும், வந்துரட்டும் கடவுளே.

"மிஸ்."

"சொல்லு கண்ணு, இங்கதான் இருக்கறேன்."

"செவப்பா வருதுங் மிஸ்."

"மாசாமாசம் வர்றதா கண்ணு?"

"இல்லீங். அது போன வாரமே முடிஞ்சுதுங்." பைப்ப நிறுத்துனா. "ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான் வந்துச்சுங் மிஸ். தானா நின்னுக்குச்சுங்."

"வீட்ல சொன்னியா?"

"இல்லீங். சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. டெஸ்டு போயிருமுங்."

"கதவத் தொற சாமி. இப்பவே போலாம், நானே கூட்டிட்டுப் போறேன், உங்கம்மாவுக்கு ஃபோன் பண்றேன்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங் மிஸ், தொறக்கறனுங்."

சொல்லமாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாத் தொறந்துருவா. பொய்தானே. எத்தனை பொய் சொல்லியிருக்கறேன் இவங்ககிட்ட. பின்னால செருப்புச் சத்தம். திரும்பிப் பாத்தா ஆயா, பாவாயி, மூச்சு வாங்கிட்டு நிக்குது, என்னப் பாக்காமத் தரையப் பாத்துட்டுச் சொல்லுது. "மிஸ், கிளாஸ விட்டுட்டு எங்க போனீங்கன்னு சார் கேக்கறாருங். ஒடனே கூட்டியாரச் சொன்னாருங்." தன்யா பேரு ஒருக்கா மனசுல வந்துட்டுப் போச்சு. மல்லிகேஸ்வரி மிஸ் எப்படி நின்னிருப்பாங்க அந்த வாசல்ல. "நான் வரல ஆயா. இந்த எடத்த விட்டு நகர மாட்டேன். அவரை இங்க வரச் சொல்லுங்க." ஆயா வாயப் பொளந்துட்டு நின்னுது. "போங்க ஆயா. வந்து பாக்கச் சொல்லுங்க, அவரு பாக்கட்டும், போங்க!" கத்திட்டேன். மெயின் பில்டிங் வரைக்கும் கேட்டிருக்கும். ஆயா ஓடுச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் தாப்பாளப் புடிச்சுட்டு அவ அழற சத்தம், வலிக்கு அழாத பிள்ளை இப்ப விக்கி விக்கி அழுகுது. "சாரைக் கூப்புடாதீங் மிஸ். வேண்டாமுங் மிஸ். தெரியாமக் கேட்டுட்டனுங் மிஸ். இனிமே வெளிய போகோணும்னு கேக்கவே மாட்டனுங் மிஸ்."